காம்பவுண்ட் ஓரம் எதை நடுவது? கோனோகார்பஸ், நெட்டிலிங்கம், மூங்கில், செடிவேலி, கொடி: ஒரு ஒப்பீடு

வீடு கட்டிக் குடிவந்த கையோடு எழுகிற கேள்வி இது. பெயிண்ட் வாசனைகூடப் போயிருக்காது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் நேராக நம் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும், எதிரே காலி மனையிலிருந்து புழுதி வரும். நர்சரிக்குப் போனால் "ஒரே வருஷத்துல சுவரை மூடிரும்ங்க, தண்ணிகூட வேண்டாம்" என்று ஒரு கன்றைக் கையில் கொடுப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் கோவைக்கு வெளியே அஞ்சு சென்ட் இடத்தில் வீடு கட்டியபோது என் கையிலும் கொடுத்தார்கள். அறுபது அடி நீளச் சுவருக்கு இரண்டரை அடிக்கு ஒன்றாக 24 கோனோகார்பஸ் மரக்கன்று நட்டேன். கன்று ஒன்று 60 ரூபாய், மொத்தம் 1,440. வீட்டுக்குச் செய்த செலவிலேயே மலிவானது இதுதான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

இப்போது நண்பர்கள் அதே கேள்வியோடு வருகிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு செடியின் வேகத்தைக் காசு கொடுத்து வாங்கினால், நமக்குப் போதும் என்கிற உயரத்தில் அந்த வேகத்தை நிறுத்த முடியாது. ஆறடியை ஒரு வருடத்தில் தொட்ட செடி அடுத்த வருடமும் அதே அவசரத்தில்தான் வளரும். அதனால் எந்தச் செடி என்று கேட்பதற்கு முன், பத்து வருடம் அதை யார் வெட்டப்போகிறார்கள் என்று கேட்கவேண்டும்.

## நடும் முன் பார்க்கவேண்டியவை

எவ்வளவு உயரம் வேண்டும்? பெரும்பாலானவர்கள் அளந்தே பார்ப்பதில்லை. தெருவில் நடப்பவரின் கண் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. அவரை மறைக்க ஆறடி போதும். மாடி ஜன்னல் வேறு கணக்கு. பக்கத்து வீட்டு முதல் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 15 அடியில் இருக்கும். அந்த ஜன்னல் காம்பவுண்டிலிருந்து 5 அடி, உங்கள் ஜன்னல் 4 அடி, உங்கள் ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரம் என்றால், பார்வையைத் தடுக்க வேலி பத்தரை அடிக்கு மேல் நிற்கவேண்டும். அதே வேலையை உங்கள் ஜன்னலில் ஒட்டுகிற ஃபிலிமோ மெல்லிய திரையோ செய்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டு கம்பை நட்டு, கயிறு கட்டி, ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள். அறுபது அடிக்கும் வேலி வேண்டும் என்று நினைத்த இடத்தில் பன்னிரண்டு அடி நீளம்தான் உண்மையில் உறுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

வேருக்கும் உங்கள் குழாய்க்கும் இடையே எத்தனை அடி? நம் ஊர் மனைகளில் பக்கத்துச் சந்து மூன்று நான்கு அடிதான். அதற்குள்ளேயே சம்ப், செப்டிக் டேங்க், கழிவுநீர் சேம்பர், போர்வெல் பைப் எல்லாம் போகும். நல்ல குழாயை வேர் குத்தி உடைப்பதில்லை. ஜாயிண்டில் ஈரம் கசிந்தால் அதைத் தேடி முடி போலப் புகுந்து உள்ளே போய்ப் பருக்கும்.

என்ன மண்? செம்மண், மணல் என்றால் கவலை குறைவு. கரிசல் என்றால் கவனம். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பசுமை மாறாத மரம் வருடம் முழுக்க இலையோடு நிற்பதால், கோடையிலும் தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்தாது. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் மண் வறண்டு இறங்கினால் சுவரில் விரிசல் ஏணிப்படி போல ஏறும். அதற்கு மேஸ்திரியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

எந்தத் திசை? மேற்குப் பக்கம் நான்கு மணி வெயிலைத் தடுத்தால் லாபம். கிழக்கை மூடினால் காலை வெளிச்சம் போச்சு. சென்னைக்காரர்கள் கிழக்கிலும் தென்கிழக்கிலும் அடர்த்தியாக நட்டால் மதியம் வருகிற கடல்காற்றைத் தாங்களே தடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். ஆடியில் புழுதியைத் தடுக்கத்தான் வேண்டும், ஆனால் காற்று முழுவதையும் அடைத்தால் வீட்டுக்குள் புழுக்கம்.

வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா? இதை யாரும் கேட்பதில்லை. நான்கடிச் சந்துக்குள் ஜேசிபி வராது.

## கோனோகார்பஸ்

கெட்ட பெயர் வாங்குவதற்கு முன் இதற்கு இருந்த நல்ல பெயரும் உண்மையானதுதான். உப்பு மண், வெயில், வறட்சி எதற்கும் அசையாது. வளைகுடா நாடுகளில் பாலைவனச் சாலைகளைப் பச்சையாக்க வரிசை வரிசையாக நட்டது அதனால்தான். குழாய்க்கும் அடித்தளத்துக்கும் வேர் தொல்லை கொடுக்கிறது என்ற புகாரும் அங்கேயே கிளம்பியது. இந்தியாவில் குஜராத் 2023 செப்டம்பரில் இதை நடத் தடை போட்டது. தமிழக அரசும் 2025-இல் தடை விதித்தது. மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறதா என்பது பற்றி மருத்துவர்களும் தாவரவியலாளர்களும் இன்னும் விவாதிக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. வேர் பற்றி மட்டும் எனக்கு விவாதம் தேவையில்லை.

மூன்றாவது வருடம் பாத்ரூமில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஆசிட் ஊற்றிப் பார்த்தோம், கம்பி விட்டுப் பார்த்தோம். கடைசியில் பிளம்பர் சேம்பரைத் திறந்து, உள்ளே கைவிட்டு இழுத்தார். வெளியே வந்தது மூன்றடி நீளத்தில் பழுப்பு நிறச் சடை. குழாயின் உருண்டை வடிவத்தை அப்படியே அச்சாக வாங்கி, தேங்காய் நார் வடம் மாதிரி இருந்தது. நடுவில் சோப்புப் பாசி. அதைத் தரையில் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "மரத்தை எடுக்காம பைப்பை மாத்தி என்ன பிரயோஜனங்க அண்ணா?" மரம் அங்கிருந்து ஏழடி தள்ளி இருந்தது.

இன்னொரு செலவு ரூபாயில் வராது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டருகே நின்று, கோபமே இல்லாமல், "தம்பி, எங்க சமையல்கட்டுல பகல்லயே லைட் போட வேண்டியிருக்குதுங்க" என்றார். என் மறைப்பு அவருக்கு இருட்டு. இது எனக்குத் தோன்றவே இல்லை.

வெட்டுக்கூலியைப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு நாள் கூலி 1,000, குப்பை அள்ள வண்டிக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆறு வெட்டு என்றால் 9,000. பத்து வருடத்துக்கு 90,000. 1,440 ரூபாய்க் கன்றின் உண்மையான விலை அதுதான், பிளம்பர் தனி.

*யாருக்குப் பொருந்தும்:* வீட்டோரம் யாருக்கும் இல்லை. தடை இருக்கும்போது இதற்கு மேல் எடைபோட ஒன்றுமில்லை. இன்னும் சில நர்சரிகளில் வேறு பெயர் சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான நீள இலை, நுனியில் சின்னச் சின்ன உருண்டைக் காய்க் கொத்து இருந்தால் அதுதான்.

இங்கிலாந்தில் வாழும் உறவினர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே இதே கதை லேலண்டி சைப்ரஸ் என்ற பெயரில் நடந்தது. 1888-இல் வேல்ஸில் ஒரு பண்ணைத் தோட்டத்தில் தற்செயலாக உருவான கலப்பினம், வருடத்துக்கு ஒரு மீட்டர் வளரும். அண்டை வீட்டுச் சண்டைகள் முற்றி, 2003-இல் சமூக விரோத நடத்தைச் சட்டத்திலேயே உயர்ந்த வேலிகளுக்கென்று ஒரு பகுதி சேர்த்தார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து வெளிச்சத்தை மறைக்கும் பசுமை மாறா வேலி என்றால் உள்ளூர் கவுன்சிலில் புகார் செய்யலாம். அந்த மரத்தைப் பழுப்புக் கிளை வரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காது, மொட்டையாகவே நிற்கும். நம்முடையது நேர்மாறு, எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். எந்தப் பக்கம் போனாலும் தலைவலி.

## நெட்டிலிங்கம்

நம் மண்ணின் மரம். தூண் மாதிரி நேராக நிற்கும் ரகத்தைத்தான் எல்லாரும் நடுகிறார்கள். அகலம் மூன்றடிக்குள் அடங்கும், வேர் கோனோகார்பஸ் மாதிரி அலையாது, பக்கவாட்டில் வெட்ட வேண்டியதும் குறைவு. ஒல்லியான சந்துக்கு இதைவிட அடக்கமான மரம் கிடைப்பது கஷ்டம்.

குறை உயரத்தில் இருக்கிறது. சும்மா விட்டால் 30, 40 அடி போகும். மேலே மின்கம்பி இருந்தால் லைன்மேன் வந்து தலையைச் சீவிவிட்டுப் போவார், அந்த அழகான கூம்பு துடைப்பம் ஆகிவிடும். வயதானபின் அடிப்பக்கம் இலை குறைந்து, மறைப்பு தேவைப்படுகிற ஆறடிக்குக் கீழே தண்டு மட்டும் தெரியும். காய்க்கிற காலத்தில் வௌவால் வரும். கார் அதன் கீழே நின்றால் காலையில் கழுவாமல் வெளியே எடுக்க முடியாது. வெள்ளைச் சுவராக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

*யாருக்குப் பொருந்தும்:* மாடி ஜன்னலை மறைக்கவேண்டும், மேலே கம்பி இல்லை, செப்டிக் டேங்க் வேறு பக்கம் இருக்கிறது என்பவர்களுக்கு. வரிசையாக இருபது வேண்டாம். புடவை சோதனையில் எந்த இடம் உறுத்தியதோ அங்கே மூன்று நான்கு போதும்.

## மூங்கில்

மஞ்சள் மூங்கில் பார்க்க ரிசார்ட் மாதிரி இருக்கும், அந்த ஆசையில்தான் நடுகிறோம். வெப்ப மண்டல ரகங்கள் பெரும்பாலும் புதராகக் கட்டுபவை, கண்ட இடத்தில் ஓடி முளைப்பவை அல்ல. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் புதர் வருடா வருடம் பருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடியில் நட்டால் நாலைந்து வருடத்தில் கிழங்கு சுவரில் முட்டும். ஒற்றைச் செங்கல் காம்பவுண்ட் அதற்குத் தாங்காது.

இலை உதிர்வது ஒரு நாள் நிற்காது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் போய் அடையும், முதல் மழையில் தெரியும். புதுக் கழியின் உறையில் இருக்கும் சுணை கையில் பட்டால் அன்று முழுக்க அரிப்பு. புதரின் அடியில் சருகு மெத்தை மாதிரி சேரும், எலி வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும்.

*யாருக்குப் பொருந்தும்:* தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவர்களுக்கு, இருபது முப்பது சென்ட் இடம் உள்ளவர்களுக்கு, சுவரிலிருந்து ஆறேழு அடி உள்ளே நடக்கூடியவர்களுக்கு. அங்கே வெட்டும் கழியும் பந்தலுக்கு ஆகும். அஞ்சு சென்ட் வீட்டில் பெரிய தொட்டியில் ஒன்று வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

## மெதுவான செடிவேலி

நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி, கடற்கரைப் பக்கம் சங்கங்குப்பி. நர்சரிக்காரர் இவற்றைத் தானாகச் சிபாரிசு செய்வது அபூர்வம், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாரும் "சீக்கிரம் வளரணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஆறடி வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை பச்சை வலை கட்டிக்கொள்ளவேண்டும், அசிங்கமாகத்தான் இருக்கும். வந்தபிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று வெட்டு. வேர் சின்னது. பிடிக்கவில்லை என்றால் கடப்பாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்பு உண்டு. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிற்கவேண்டும். இட்லிப்பூ சுண்ணாம்புச் சத்து அதிகமான மண்ணில் இலை மஞ்சளாகிச் சோர்ந்துபோகும். எங்கள் பக்கம் நட்டவர்கள் பாதிப்பேர் இதைத்தான் "தண்ணி பத்தலை" என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். மருதாணி வறட்சிக்குக் கில்லாடி, பூ வாசனை இரவில் தெருவே மணக்கும், ஆனால் வயதானால் முள் வைக்கும். நந்தியாவட்டை அரைநிழலிலும் பசுமை குறையாது, வெட்டுக்கு அடங்கும், தினம் சாமிக்குப் பூ. ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் நான் அதைச் சொல்வேன். அரளி வேண்டாம். அழகுதான், வறட்சியும் தாங்கும், ஆனால் எல்லாப் பாகமும் விஷம்; சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் சுவர் நீளத்துக்கு அதை நட எனக்கு மனம் வராது.

இங்கே கிளுவையைச் சொல்லாமல் போனால் காங்கேயத்துக்காரர்கள் கோபிப்பார்கள். கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறது முள்ளுக்கிளுவை வேலி. குச்சியை ஒடித்து நட்டால் போதும். மாட்டை நிறுத்தும், ஆளை நிறுத்தும், கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குத் துளிர்க்கும். மறைப்புக்கு ஆகாது, ஆனால் தண்ணீர் கேட்காது. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு வேலையையும் பிரித்தே வைத்தார்கள்: கதியால் என்கிற, ஊன்றினால் துளிர்க்கும் உயிருள்ள தடிகளை வரிசையாக நட்டு, இடையில் கிடுகோ (பின்னிய தென்னோலை) பனையோலையோ வைத்துக் கட்டினார்கள். மரத்தின் வேலை நிற்பது, ஓலையின் வேலை மறைப்பது. ஓலை இற்றுப்போனால் வேலியடைப்பு மறுபடி நடக்கும்.

*யாருக்குப் பொருந்தும்:* ஆறேழு அடி மறைப்பு போதும் என்பவர்களுக்கு, அதாவது அளந்து பார்த்தால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு.

## கம்பி வலையில் கொடி

யாழ்ப்பாணத்துக் கணக்குதான் இதுவும், ஓலைக்குப் பதில் கொடி. காம்பவுண்ட் மேல் இரும்பு போஸ்ட் நிறுத்தி, டயமண்ட் மெஷ் கட்டி, கீழே கொடியை ஏற்றிவிடுவது. உயரத்தை வெல்டர் தீர்மானிக்கிறார், செடி அல்ல. எட்டடி என்றால் எட்டடிதான். மேலே பிடிக்க ஒன்றுமில்லாமல் கொடி மடங்கித் தொங்கும். அகலம் ஒரு அடிக்குள் முடிந்துவிடும். மூன்றடிச் சந்தில் நடக்கவும் வழி மிஞ்சும்.

இரங்கூன் மல்லி ஒரே வருடத்தில் வலையை மூடும். மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் சிவக்கும். வேடிக்கை என்னவென்றால் கோனோகார்பஸும் அதுவும் ஒரே குடும்பம், நம் மருத மரமும் கடுக்காயும்கூட அதே வகையறாதான். பூ வேண்டாம், சீராகத் தொங்கினால் போதும் என்றால் கர்ட்டன் கிரீப்பர். சங்குப்பூ, கோவைக்கொடி சும்மா கிடைக்கும், ஆனால் கோடையில் சோடை போகும்.

முதல் செலவு இங்கேதான் அதிகம். போஸ்ட், மெஷ், வெல்டிங் எல்லாம் சேர்த்துக் கன்றுச் செலவின் பலமடங்கு. ரெட் ஆக்சைடு அடிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். அடர்ந்த கொடி ஈரமாகி ஆடிக்காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், போஸ்ட் ஒல்லியாக இருந்தால் சாயும். எலிக்கும் மாடிக்கும் நடுவில் இது நல்ல ஏணி, அதனால் ஜன்னல் ஓரம் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

*யாருக்குப் பொருந்தும்:* இடமே இல்லாதவர்களுக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொட்டியிலும் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| | மறைக்க ஆகும் காலம் | வருடத்துக்கு வெட்டு | வேர்த் தொல்லை | எடுப்பது |
|---|---|---|---|---|
| கோனோகார்பஸ் | ஒரு வருடம் | 5–6 | மிக அதிகம் | பெரும்பாடு |
| நெட்டிலிங்கம் | 3–4 வருடம் | 1 | குறைவு | மரம் வெட்டுபவர் வேண்டும் |
| மூங்கில் | 2–3 வருடம் | 2, சருகு தினமும் | சுவரை முட்டும் | பெரும்பாடு |
| நந்தியாவட்டை முதலியவை | 2–3 வருடம் | 2–3 | இல்லையென்றே சொல்லலாம் | ஒரு நாள் வேலை |
| வலையில் கொடி | 1–2 வருடம் | 2–3 | மிகக் குறைவு | கத்தரிக்கோல் |

காலக்கணக்கெல்லாம் எங்கள் பக்கத்து மண்ணிலும் தண்ணீரிலும் நான் பார்த்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

## ஏற்கெனவே நட்டுவிட்டவர்களுக்கு

வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கோனோகார்பஸை அடியோடு வெட்டினால் இருபது நாளில் அடிக்கட்டையைச் சுற்றி வளையம் போலத் துளிர் வரும். கன்று சிறியதாக இருக்கும்போதே, மழை பெய்து மண் இளகியிருக்கிற வாரத்தில், இரண்டடி ஆழம் தோண்டிப் பக்கவேர்களை அறுத்து எடுப்பதுதான் சுலபம். பெரிய மரமாகிவிட்டால் வெட்டி, கட்டையில் வருகிற துளிரை வாரா வாரம் கிள்ளவேண்டும். இலையில்லாமல் கட்டை எவ்வளவு நாள்தான் தாங்கும்? ஒரு பருவத்தில் சோர்ந்துவிடும். கரிசல் மண்ணில், வீட்டை ஒட்டிப் பெரிய மரங்கள் வரிசையாக இருந்தால் ஒரே நாளில் அத்தனையையும் எடுக்காதீர்கள். மரம் குடித்த தண்ணீரை இனி மண் வைத்துக்கொண்டு உப்பும். ஒரு சிவில் என்ஜினியரைக் கேட்டுவிட்டுப் பகுதி பகுதியாக எடுங்கள். வேர் போன குழாயின் ஜாயிண்டையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த செடிக்கு வழி திறந்தே கிடக்கும்.

என் வீட்டில் இப்போது படுக்கையறை ஜன்னலுக்கு நேரே பன்னிரண்டு அடிக்கு மட்டும் வலையும் இரங்கூன் மல்லியும், மீதி நாற்பத்தெட்டு அடிக்கு நந்தியாவட்டை. அக்கா வீட்டுச் சமையல்கட்டுக்கு நேராக நந்தியாவட்டையை ஐந்தடியில் நிறுத்தியிருக்கிறேன். மரங்களை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் சம்ப் மூடி ஓரத்தில், சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் பளபளவென்று இரண்டு இலை. எதுவென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடப்பாரையை எடுத்தேன்.